காரை நான் விக்கப் போறதில்ல

உ
பசுவந்தனை,
14.11.2005

அன்பு மகன் செல்வகணேசுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கன நான் சுகமா இருக்கேன், ஆடு குட்டியெல்லாம் சுகம், காரும் சுகம். அங்கன மஸ்கட்ல நீயும் மருமக உமாதேவியும் பேரன் மணிகண்டபிரபுவும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு செண்பகவல்லித் தாயைக் கும்பிட்டுக்கிட்டு இதை எழுதுதேன். ஐப்பசி மழை இந்த வருசம் நல்லாப் பேஞ்சிருக்கு, கண்மாய் பெருகிக் கெடக்கு, பருத்தியும் உளுந்தும் முளைச்சு நிக்கு, மேலக்காட்டுல மட்டும் தண்ணி கட்டி மொளகா நாத்து அழுகிப்போச்சு. இதையெல்லாம் போன்ல சொல்லலாம்னா நீ எங்க பேசவிடுதே. நேத்து கூப்பிட்டு, அம்மா அந்தக் காரை மொதல்ல வித்துத் தொலைங்க, ஊர்ல மானம் போகுதுன்னு சொல்லிட்டுப் பட்டுனு வச்சுட்டே. உங்க சித்தப்பா சங்கரபாண்டியன் உனக்கு ஒரு பாதிக் கதையைச் சொல்லியிருக்காவ. மறு பாதியை நான் எழுதுதேன், நிதானமா இருந்து வாசி. வாசிச்ச பெறவும் விக்கணும்னு தோணிச்சுன்னா அதை உன் மனசோட வச்சுக்கோ.

அந்தக் காரு என் கைக்கு எப்பிடி வந்துச்சுன்னே உனக்கு ஒழுங்காத் தெரியாது. கோவில்பட்டியில தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்க காசிராஜன் அண்ணாச்சி வீட்டுக்குக் கோயில் கொடைக்குக் கிடா கொண்டுபோயிருந்தேன். அங்கன கொட்டகையில தார்ப்பாய் போத்தி நீளமா ஒண்ணு கெடந்துது. என்னதுன்னு கேட்டேன். பழைய பென்சு காரு, பையனுவ புதுசு வாங்கிட்டானுவ, இது சும்மா கெடக்குன்னாவ. தார்ப்பாயைத் தூக்கிப் பாத்தேன், மழை எறங்கப்போற மேகத்து நெறத்துல இருந்துது. குடுப்பியளா அண்ணாச்சின்னேன். யாருக்கும்மான்னாவ. எனக்குத்தான்னேன். அவிய சிரிக்கல, அது அவிய பெரிய மனுசத்தனம். ஆனா வாங்குறது லேசு, வச்சுக் காப்பாத்துறது யானையைக் கட்டித் தீனி போடுற கதைன்னு உள்ளதைச் சொன்னாவ. கண்மாய் காஞ்சு வெடிச்சுக் கெடந்த வருசத்துல மந்தை ஆட்டையும் சாகக் குடுக்காமத் தீனி போட்டவ நான், யானையையும் பாத்துக்கிடுதேன்னேன். அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டு வாங்கிரல. எட்டயபுரம் சந்தையில ஆட்டுக்கு உப்புத்தண்ணி குடுத்து வயித்தை நெறச்சு விக்கவன் நடுவுல நின்னு பழகினவ இல்லையா. மறுநாள் சொல்லாமப் போயி, சாவி போடுறதுக்கு முந்தி பானட்டைத் தொட்டுப் பாத்தேன். சில்லுன்னு இருந்துது. முன்கூட்டியே ஓட்டிச் சூடேத்தி வைக்கலன்னு தெரிஞ்சுக்கிட்டேன். கூட வந்த மெக்கானிக் பரமசிவன் அடியில படுத்துத் துருவைப் பாத்தான், பொகையோட நெறத்தைப் பாத்தான், ஆர்.சி. புக்குல உள்ள நம்பரும் இஞ்சின்ல உள்ள நம்பரும் ஒண்ணுதானான்னு பாத்தான். அப்பறம்தான் வாங்கினேன், என் ஆட்டை வித்து வாங்கினேன்.

எதுக்கு வாங்கினேன்னு நீயும் கேக்கல, சித்தப்பாவும் கேக்கல, நானே சொல்லுதேன். எனக்கு ஆசையா இருந்துது, வாங்கினேன். முட்டுவலி, பஸ் ஏற முடியலன்னோ, பேரன் வந்தா ஏத்திக்கிட்டுப் போகணும்னோ சொல்லியிருந்தா ஒருத்தரும் வாய் தொறந்திருக்க மாட்டாவ. தாலியறுத்த பொம்பள தனக்குன்னு ஒண்ணு கேக்குதாளே, அதுதான் இவியளுக்குச் செரிக்கல. ஆட்டுக்காரிக்குப் பென்சு காரான்னு டீக்கடையில பேசினாவளாம். ஆட்டுக்காரிக்குத்தான். உங்க அப்பா போன பெறவு ஆடு மேச்சுத்தான் உன்னை இஞ்சினியரிங் படிக்க வச்சேன். அப்பயும் ஆட்டுக்காரி மகனுக்கு இம்புட்டுப் படிப்பான்னு கேட்டாவ. அப்பக் காது குடுக்கல, இப்பயும் குடுக்க மாட்டேன். காரு வச்சிருக்குறது கஷ்டம்தான், அதை நான் மறைக்கல. வாங்கின கொஞ்ச நாள்லயே எலி உள்ள பூந்து வயரைக் கடிச்சுப்போட்டு அசையாமக் கெடந்துது, இப்பச் சாயந்தரம் நிறுத்தினதும் பானட்டுக்குள்ள பொகையிலைக் காம்பு போட்டு வைக்கேன். கரிசப் புழுதி ஏர் பில்டரை அடைச்சுக்கிடும், ஊதி ஊதி மாட்டணும். வயிறு தரையோட தரையா இருக்கதால ஈரக் கரிசல்ல எறக்கினா எருமை மாதிரிப் படுத்துக்கிடும், அதனால தார் ரோட்டை விட்டு எறக்குறதில்ல. சாமானுக்கு மதுரைக்கோ கோயமுத்தூருக்கோ சொல்லிவிட்டுக் காத்துக் கெடக்கணும். டிரைவர் வச்சுக்கோன்னாவ, எதுக்கு, ஆசைப்பட்டது நான், ஓட்டுறது இன்னொருத்தனா. டிரைவிங் ஸ்கூல்ல காலேஜ் பிள்ளையளோட வரிசையில நின்னு படிச்சேன். மொதத் தடவை பின்னால எடுக்கும்போது கம்பைத் தட்டிப் பெயிலாயிட்டேன், மறு தடவை லைசென்ஸ் குடுத்துட்டாவ. எண்ணெயையும் தண்ணியையும் டயர் காத்தையும் பாக்காம நான் சாவி போடமாட்டேன்.

இனி முத்துசெல்வி கல்யாண விசயத்துக்கு வாரேன். அவ உங்க சித்தப்பா மகதான், ஆனா என் மடியில கெடந்து வளந்தவன்னு உனக்கே தெரியும். கல்யாணத்துக்கு முந்தி சித்தப்பா வந்து, மதினி காரை மட்டும் குடுங்க, பொண்ணு அதுல மண்டபத்துக்கு ஏறிப் போகட்டும், டிரைவரை நான் ஏற்பாடு பண்ணுதேன்னாவ. நானே ஓட்டிட்டு வாரேனே தம்பின்னேன். அவிய தலையைக் குனிஞ்சுக்கிட்டு, அது சரிப்படாது மதினி, மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதிரி நெனைப்பாவ, நல்ல காரியத்துல நீங்க முன்னால போனா அப்படின்னு இழுத்தாவ. முழுசாச் சொல்லல, சொல்லவும் வேண்டாம். என் காரு மங்கலம், நான் மட்டும் அமங்கலமா, காரு வந்தா நான் ஓட்டித்தான் வரும், இல்லன்னா வாடகைக்குப் பிடிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டேன். அவிய கோவிச்சுக்கிட்டுப் போயி கோவில்பட்டியில ஒரு வெள்ளைக் காரைப் பேசி முடிச்சாவ.

கல்யாணத்தன்னிக்கு என் காரு நடுவழியில நின்னது நெசம். காருல தண்ணி போற ரப்பர் ஹோஸ் அதுக்கு முந்தியே வீணாப்போயி, அசல் கெடைக்காம வேற வண்டி ஹோசை வெட்டி மாட்டியிருந்தோம். மெதுவாப் போங்கம்மான்னு பரமசிவன் சொல்லித்தான் விட்டிருந்தான், நான்தான் பொண்ணு காருக்கு முந்தியே போயிரணும்னு வெரட்டிட்டேன். கோவில்பட்டி மண்டபத்துக்குப் பாதி வழியில, ரெண்டு பக்கமும் பருத்திக்காடு, ஒதுங்க ஒரு மரம் கெடையாது, அங்கன புஸ்ஸுனு ஆவி கெளம்பி நின்னுபோச்சு. பின்னாலயே பூ சோடிச்ச பொண்ணு காரு வந்துது. முத்துசெல்வி கண்ணாடியில மூஞ்சியை வச்சுப் பாத்துக்கிட்டே போனா, காரு நிக்கல. அதுக்குப் பின்னால வேன். சித்தப்பா எறங்கி வந்து, வாங்க மதினி வேன்ல எடம் இருக்கு, இதை இங்கனயே போட்டுட்டு வாங்கன்னாவ. வேனுக்குள்ள நாலு பேரு சிரிச்சது எனக்குக் கேட்டுது. சித்தப்பா கோவமாக் கூப்பிட்டிருந்தாக்கூட ஏறியிருப்பேன், பாவப்பட்டுக் கூப்பிட்டாவ, அதுதான் எனக்கு ஆகல. நீங்க போங்க, முகூர்த்தம் தவறக்கூடாது, நான் வந்துருவேன்னேன். அவிய போன பெறவு சூடு ஆறுற வரைக்கும் ரோட்டோரத்துல நின்னேன், அவசரப்பட்டு மூடியைத் தொறந்தா மூஞ்சி வெந்துபோகும். டிக்கியில கெடந்த சைக்கிள் டியூப்பை வார் வாரா அறுத்து ஹோசைச் சுத்தி இறுக்கிக் கட்டினேன். பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டுக் கரிசச் சேத்துல எறங்கிக் கெணத்துல தண்ணி எடுத்தாந்து ஊத்தினேன். மெதுவா உருட்டிக்கிட்டு மண்டபத்துக்குப் போய்ச் சேந்தா, பந்தி நடந்துக்கிட்டு இருந்துது. என் மடியில வளந்த பிள்ளைக்குத் தாலி ஏறினதை நான் பாக்கல. அதுக்கு மட்டும் அழுதேன், கார்க் கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு அழுதேன். இதை நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது.

நல்ல காரியத்துல பிடிவாதம் பிடிச்சா, சாமியே நிறுத்திவச்சுட்டுது பாருன்னு மண்டபத்துல பேசினாவ. சித்தப்பா உனக்குப் போன் போட்டது நான் வந்து சேராத அந்த நேரத்துல, அந்தக் கோவத்துல. பெறகு நடந்ததை உனக்குச் சொல்லியிருக்க மாட்டாவ. மத்தியானம் பொண்ணு மாப்பிள்ளையைப் புதியம்புத்தூருக்கு அனுப்பணும். மாப்பிள்ளை சுந்தரபாண்டி அங்கன ரெடிமேட் துணி தைக்கிற ஆபீஸ் வச்சிருக்காரு, தங்கமான பிள்ளை. வாசல்ல பூ சோடிச்ச வெள்ளைக் காரு கதவைத் தொறந்து வச்சு நிக்கு. முத்துசெல்வி அதைத் தாண்டி நேரா வந்து என் காரு முன்கதவைத் தொறந்து எனக்குப் பக்கத்துல உக்காந்துட்டா. ஏட்டி எறங்கு, அது நடுவழியில நின்னா என்ன செய்வேன்னு சித்தப்பா சத்தம் போட்டாவ. நின்னா நானும் பெரியம்மாவும் எறங்கி நிப்போம்பா, காலையில நான் எறங்காமப் போனேன், அதுவே போதும்னு சொல்லிட்டா. சத்தமாக்கூடச் சொல்லல. மாப்பிள்ளை பின் சீட்டுல ஏறிக்கிட்டாரு. நான் கியரைப் போட்டேன்.

நிக்காமப் போச்சான்னு கேட்டா, போகல. ஒட்டப்பிடாரத்துக்கு முந்தி சூட்டு முள்ளு ஏறுறதைப் பாத்து நானே ஓரங்கட்டிட்டேன். மாப்பிள்ளை பட்டுவேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் பக்கத்து வீட்டுல ஒரு குடம் தண்ணி வாங்கிட்டு வந்தாரு. முத்துசெல்வி மாலையும் கழுத்துமா என் பக்கத்துல வந்து நின்னா. பின்னால வந்த வேனும் நின்னுது. இந்தத் தடவை உள்ள ஒருத்தரும் சிரிக்கல. சித்தப்பா எறங்கி வந்து மாப்பிள்ளை கையில இருந்த குடத்தை வாங்கிக்கிட்டு, எம்புட்டு ஊத்தணும் மதினின்னு கேட்டாவ. பொறுங்க தம்பி, ஆறட்டும்னேன். ஆறுற வரைக்கும் அவிய குடத்தைக் கீழ வைக்கல. புதியம்புத்தூர்ல மாப்பிள்ளையோட அம்மா வெயிலுகந்தம்மாள் ஆரத்தி எடுக்க வந்தாவ. ஓட்டிட்டு வந்தது யாருன்னு பாத்து ஒருத்தி முணுமுணுத்தா. நான் ஸ்டியரிங்கை விட்டு எறங்கி, அவ முன்னாலயே நடந்துபோயி, முத்துசெல்விக்குப் பக்கத்து எலையில உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் திரும்பினேன்.

இதுதான் நடந்தது. இதுல உன் மானம் எந்த எடத்துல போச்சுன்னு நீயே யோசிச்சுப் பாரு. வெளிநாட்டுல இருக்குற பிள்ளைக்கு அம்மா ஊர்ல அடக்கமா மூலையில உக்காந்திருந்தா மனசு நிம்மதியா இருக்கும்னு எனக்கும் தெரியும், உன் மேல கோவம் இல்லை. ஆனா இனிமே ஒரு தடவை வித்துருன்னு சொன்னா, நானும் போனைப் பட்டுனு வைப்பேன். நேரத்துக்குச் சாப்பிடு, ராவும் பகலும் ஏசியிலயே கெடக்காதே, பேரனுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்குடு. உமாவுக்கு மொளகாவத்தலும் வடகமும் காயவச்சிருக்கேன், வெயில் அடிச்சதும் அனுப்புதேன். அங்கன அந்த ரப்பர் ஹோஸ் அசல் கெடைக்கும்னு பரமசிவன் சொல்லுதான். இஞ்சின் நம்பரும் வருசமும் தனிச் சீட்டுல எழுதி இதோட வச்சிருக்கேன், மறக்காம வாங்கிட்டு வா, உன் காசுல வேண்டாம், நான் தந்துருவேன்.

பொங்கலுக்கு வாரேன்னு சொன்னியே, திருவனந்தபுரத்துல எறங்கும்போது நான் காரோட வெளிய நிப்பேன். அம்புட்டுத் தூரம் நீங்களா ஓட்டிட்டு வருவியன்னு கேக்காதே. அதுல ஏறுறது மானக்கேடுன்னு தோணிச்சுன்னா நீ நாகர்கோவில் பஸ் பிடிச்சு வந்து சேருலே. மருமகளையும் பேரனையும் நான் கூட்டிட்டு வந்துருவேன்.

பிள்ளை குட்டியோட நீ நூறு வருசம் நல்லா இருக்கணும்.

உன்னைப் பெத்தவ,
பூ. சத்தியபாமா