பச்சைத்தலை வாத்து, ஒன்று

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. (எழுதுவது உன் தங்கை நான்தான் அக்கா. அம்மாவின் வலது கைக்குத்தான் மாவுக்கட்டு, என் வாய்க்குக் கட்டில்லை.) என் கையைத் தவிர வீட்டில் எல்லாரும் சுகம், நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

மனசே ஆறவில்லையடி. பதினெட்டு வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளை எண்ணி நோட்டில் எழுத வைத்தேன். நீயும் ஒன்பதாம் வகுப்பில் வந்தாயே, சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஒற்றைக்காலில் நின்றாய், பிள்ளைகள் கொக்குக் கணக்கில் உன்னையும் சேர்த்துவிட்டார்கள். அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே பற்றிக்கொண்டும் வருகிறது. மூன்று வருஷமாக நாணல் ஓரம் 'பச்சைத்தலை வாத்து, ஒன்று, அரிய விருந்தாளி' என்று எழுதி நானே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கண்ணாடியை மாற்றாமல் தள்ளிப்போட்ட என் புத்தியைச் சொல்லவேண்டும். போன மாதம் தண்ணீர் இறங்கியதும் பார்த்தால் அது பிளாஸ்டிக், கழுத்தில் கயிறு, கயிற்றில் செங்கல்! எட்டி எடுக்கப்போய்த்தான் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டேன். தலைமையாசிரியர் நோட்டைப் புரட்டிவிட்டு, பொம்மைய எண்ணவா டீச்சர் பஸ் பிடிச்சுப் போனீங்க, இனிமே கிளாஸ்லயே படம் போட்டுக் காட்டுங்க என்கிறார். பதினெட்டு வருஷமும் பொய்யாம். யார் வேலை என்று எழுதிக் கொடுத்தால் யோசிப்பாராம். எந்தக் கழுதை செய்ததோ, என் கையில் மட்டும் கிடைக்கட்டும்.

(அக்கா, அந்தக் கழுதைதான் எழுதிக்கொண்டிருக்கிறது. உன் பழைய பொம்மை, பச்சை பூசியது நீ, கயிறு கட்டியது நான். அம்மா அன்றைக்கே கண்டுபிடித்துக் கத்துவார் என்று பார்த்தால் கையெழுத்துப் போட்டுவிட்டார், அப்புறம் எந்த வாயால் சொல்வது? இனி முடியாது, சொல்லிவிடப் போகிறேன்.)

சொல்லிவிட்டாள். ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் சந்தேகப்பட்டேன், வீட்டை எண்ண மறந்துவிட்டேன். இவள் நாளைக்கே என்னோடு வந்து தலைமையாசிரியர் முன்னால் நிற்பாள். நீ செய்ததை உன் கையால் எழுதி அவருக்கு உடனே தபாலில் அனுப்பு, சாக்குச் சொல்லாதே. என் ஏரியை நீங்கள்தான் திருப்பி வாங்கித் தரவேண்டும். கோபம் போகவில்லை, ஆனாலும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள் இரண்டு பேரும். குளிர் நாளில் காதை மூடிக்கொண்டு போ. நோட்டில் வாத்தை அடித்துவிட்டுச் சரியான கணக்கை எழுதச் சொல்லிவிட்டேன்: கழுதை, இரண்டு.

இப்படிக்கு, இடது கையால் கிறுக்கும்
அம்மா