இடது கணுக்கால் ஷாலினியுடையது

ஜூலை 14, செவ்வாய்
மழை. வெள்ளைக் கோட் காயவில்லை, ஈரத்தோடே போட்டேன். கொட்டாரம் பஸ்ஸில் நின்றபடி பயணம்.
அனாட்டமி ஹாலில் கணுக்கால் ஆரம்பம். அறுத்துப் படிக்க இருவருக்கும் ஒரே சடலம். வலது கால் எனக்கு, இடது ஷாலினிக்கு. நன்றாக வருவதைக் கண்காட்சியில் வைப்பாராம் மேடம், அறுத்தவர் பெயர் அட்டையோடு. எனக்கு வேண்டும் அது.
எலும்போடு எலும்பைக் கட்டும் நார்தான் லிகமெண்ட். வெளிப்பக்கம் மூன்று: முன், பின், நடுவில் குதிகாலுக்கு இறங்குவது. உள்பக்கம் முக்கோணமாக, நல்ல கெட்டி.

15, புதன்
நடு லிகமெண்டை வெட்டித் தொலைத்தேன். டெண்டன்களுக்கு, அதாவது தசைநாண்களுக்கு, அடியில் கிடக்கிறது அது. டெண்டனின் உறையை எடுக்கிறேன் பேர்வழி என்று அதையும் சேர்த்து.
ஷா. டெண்டனை நூல் கட்டி ஒதுக்கி, விரலால் தடவித் தேடினாள். அவள் லிகமெண்ட் முழுசாக நிற்கிறது. மேடம் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். வயிறு எரிந்தது.
மத்தியானம் அவள் தந்த ஏத்தங்காய் அப்பம். ருசி. அதுவும் பிடிக்கவில்லை.

16, வியாழன்
இரணியல் ஸ்டேஷன் படியில் ஷா. வழுக்கிவிட்டாள். பாதம் உள்பக்கமாக மடங்கியதாம். நொண்டிக்கொண்டே வந்தாள். கேன்டீனில் காலை நீட்டி எந்த லிகமெண்ட் என்று பார்க்கச் சொன்னாள். வெளி எலும்புக்கு முன்னால் அழுத்தியதும் துடித்தாள். முன் லிகமெண்ட். பெரும்பாலும் முதலில் போவது அதுதான்.
சந்தோஷமாக இருந்தது எனக்கு. நிஜம்.
அவள் அப்பா வர்ம ஆசானிடம் எண்ணெய் உழிச்சலுக்குக் கூட்டிப் போவாராம். இப்போது தேய்க்க விடாதே, ஐஸ் வை என்றேன். நாளை வரமாட்டாள். ஹாலில் அவள் அறுக்கும் இடது காலில் பின் லிகமெண்ட் மட்டும் பாக்கி.
"எனக்க பீஸை நீயே முடிச்சிருவியா மக்கா? வேற ஆளு தொட்டா மனசு கேக்காது."

17, வெள்ளி
வெயில். கையில் கத்தி, எதிரில் மேஜைமேல் அவள் பங்குப் பாதம். பக்கத்தில் யாருமில்லை. கெடுக்க ஒரு இழுப்பு போதும்.
கொழுப்பைச் சுரண்டச் சுரண்ட பின் லிகமெண்ட் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. அப்புறம் வேறு எதுவும் நினைக்கவில்லை. ஒரு இழை அறுபடாமல் எடுத்தேன்.
மேடம் குனிந்து பார்த்தார். "பின்னால உள்ளதுதான் ரொம்ப அழகு. ஷாலினிக்குக் கை வாய்ச்சிருக்கு."
நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நான் கெடுத்து வைத்த வலது காலைத் திரும்பிப் பார்த்தார். சொல்லவில்லை. அட்டையில் ஒரே பெயர், அவளுடையது.
ஷா.வுக்கு போன் செய்து, உன் பெயர்தான் போட்டிருக்கிறது என்றேன்.
"நம்ம ரெண்டு பேரும் செஞ்சதுல்லா, ஏட்டி. மேடத்துக்கு இப்பவே மெசேஜ் போடுகேன்."
இப்படிச் சொல்லவும் அவளுக்குத்தான் வருகிறது. சனியன்.