உன் தந்தை கடலில் இறங்கிய செய்தி

அன்பும் மதிப்பும் உரிய மகள் அசெனோருக்கு, போர் கெலென் கடற்கரையூரிலிருந்து உன் தாய் எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் நானும் உன் தந்தையும் நலம். அவ்விடத்தில் நீயும் மருமகன் தெனியும் அந்த மலைக்குளிரில் குறைவின்றி இருப்பீர்கள் என நம்புகிறேன். ஈஸ்டருக்கு முன்பே வந்து சேர்ந்த உன் கடிதத்துக்கு ஜூன் மாதத்தில் மறுமொழி எழுதுவது முறையன்று, அதற்காக முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். இடையில் நீ தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் எழுதுகிறேன் என்றே சொல்லிவந்தேன். காரணம், தொலைபேசியில் நீ என்னை ஒரு வாக்கியத்தையும் முடிக்க விடுவதில்லை. தாளில் அந்த இடையூறு கிடையாது. மேலும், உறுதியாக ஒன்றைச் சொல்லும் நிலை வாய்க்கும் முன்னர் எழுதுவதற்கு எனக்கு மனமில்லை. இப்போது வாய்த்திருக்கிறது.

நீ எழுதியிருந்ததை ஒருமுறை நினைவூட்டுகிறேன். கிரனோபிளில் உங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளம் காலியாகப் போகிறது, படியேற வேண்டியதில்லை, ஜூன் மாத இறுதிக்குள் ஆம் அல்லது இல்லை என்று வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும், எனவே இங்குள்ள வீட்டை விற்றுவிட்டு இருவரும் வந்துவிடுங்கள் என்றாய். அதன் கீழே, "படகும் போயிடுச்சு, இனிமே அந்த ஊர்ல அப்பாவுக்கு என்னம்மா இருக்கு? பாக்கவும் செய்யவும் அங்க என்னதான் இருக்கு?" என்று கேட்டிருந்தாய். கோடைதோறும் பாரீஸிலிருந்தும் லியோனிலிருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கும் ஓர் ஊரைப் பற்றி, அங்கேயே பிறந்த பெண் இப்படிக் கேட்டது எனக்குச் சற்று வருத்தமளித்தது. ஆயினும் கேள்வியில் நியாயமிருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

குளிர்காலம் எங்களுக்கு நன்றாக அமையவில்லை. உன் தந்தையின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்து அனுப்பிய மருத்துவர், நாள்தோறும் நடக்க வேண்டும், அதுவும் தனியாக அல்ல, நாலு பேரோடு நடக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உன் தந்தையோ துறைமுகப் பக்கம் தலைகாட்டவே மறுத்தார். அங்கே காண்பவர் எல்லாரும் படகை வாங்கியவன் அதற்கு என்ன வண்ணம் அடித்திருக்கிறான் என்று அவரிடமே சொல்கிறார்களாம். காலையில் எழுந்து சமையலறையில் அமர்ந்து வானொலியில் கடல் வானிலையைக் கேட்பார். காற்று எத்திசை, அலை எவ்வளவு என்று எல்லாம் கேட்டு முடித்தபின் போவதற்கு இடமில்லாமல் அங்கேயே அமர்ந்திருப்பார். பிப்ரவரியில் ஒருநாள் அவருடைய காலணிகளைத் துடைக்க எடுத்தேன், அடிப்பாகத்தில் மண்ணே இல்லை. அன்றைக்கு, நீ அழைத்தால் உன்னிடம் வந்துவிடுவதாகவே தீர்மானித்திருந்தேன்.

அதன்பின் உன் கடிதம் வந்தது. என்ன இருக்கிறது என்று நீ கேட்டதால், நேரே கடற்கரையிலுள்ள சுற்றுலா அலுவலகத்துக்குச் சென்றேன். ஐயமெழுந்தால் உரிய இடத்தில் கேட்டுத் தெளிவதே என் வழக்கம் என்பதை நீ அறிவாய். அங்கிருந்த பெண், "எங்கேருந்து வர்றீங்கம்மா?" என்று மிகப் பணிவாகக் கேட்டாள். "தேவாலயத்துக்குப் பின் தெருவிலிருந்து" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எல்லா விளம்பரத் தாள்களையும் அள்ளிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து அவற்றை உன் தந்தையின் முன்னால் பரப்பி, ஓர் உடன்படிக்கை செய்தேன்: வெளியூர்க்காரர்கள் இங்கே வந்து என்னென்ன பார்க்கிறார்களோ, செய்கிறார்களோ, அத்தனையையும் நாமும் செய்வோம். அவற்றுள் ஒன்றாவது உங்கள் மனத்துக்குப் பிடித்தால் இங்கேயே இருப்போம். ஒன்றும் பிடிக்காவிட்டால் கிரனோபிளுக்குச் சென்று, மலையடிவாரத்தில் அமர்ந்து கடல் வானிலை கேட்போம். "பைத்தியமா உனக்கு? ஊரே சிரிக்கும்" என்றார். சிரிக்கட்டும், நாலு பேரோடு இருக்க வேண்டும் என்று மருத்துவரே சொல்லியிருக்கிறார் என்றேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. தண்டவாளமில்லாமல் தெருவில் ஓடும் அந்த வெள்ளைச் சிறு ரயிலில் நாங்கள் ஏறி அமர்ந்து துறைமுகத்தைக் கடந்தபோது, உன் தந்தையோடு அதே படகில் வேலை பார்த்த ஜோப் சுவர்மேல் உட்கார்ந்திருந்தார். "டேய் குல்வென்! பாரீஸ்லேருந்து எப்படா வந்தே? ரூம் கெடச்சுதா?" என்று கத்தினார். உன் தந்தை தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் கையசைத்தேன். குன்றின்மேல் உள்ள பழைய மாளிகைகளைச் சுற்றிக் காட்டினார்கள். சலவைக்கூடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் துவைத்த விரிப்புகளைப் பின்வாசல் வழியாகவே கொண்டு சென்று கொடுத்த எனக்கு, அவற்றின் முன்வாசல்கள் எத்துணை அழகானவை என்பது அன்றுதான் தெரிந்தது. மீன்காட்சியகத்தில் உன் தந்தை ஒரு பெரிய கடல்விலாங்கின் முன்னால் வெகுநேரம் நின்றார். வாருங்கள் என்று அழைத்தேன். "இவனைப் பாரு சொவாசிக். வேலை கெடையாது, வேளாவேளைக்குச் சாப்பாடு வந்துடுது. கண்ணாடிக்கு அந்தாண்ட இருந்துக்கிட்டு வர்றவன் போறவனப் பாத்துட்டுக் கெடக்கான். என்னை மாதிரியே" என்றார். அன்று அத்தோடு வீடு திரும்பினோம். பறவைத் தீவுக்குப் போகும் படகில் நிலைமை இன்னும் மோசம். பயணியாக அமர்ந்திருக்க அவருக்குத் தெரியவில்லை. பாறை இருக்கிறது, இடப்பக்கம் திருப்பு, வேகத்தைக் குறை என்று ஓட்டுநருக்கு உத்தரவு இட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் அந்த இளைஞன், "பெரியவரே, காசு குடுத்திருக்கீங்க, தயவுசெஞ்சு பறவையப் பாருங்க" என்றான். படகிலிருந்த எல்லாரும் கைதட்டினார்கள்.

எஞ்சியிருந்தது கடல்நடை ஒன்றுதான். நீ இங்கிருந்தபோது அது இல்லை. கறுப்பு ரப்பர் உடை அணிந்து, இடுப்பளவு நீரில் வரிசையாகக் கரையோரமே நடப்பது. முழங்காலுக்கும் இதயத்துக்கும் உகந்தது என்கிறார்கள், மருத்துவரும் ஆமோதித்தார். ஆனால் உன் தந்தை தம் வாழ்நாளில் ஒருமுறையும் கடலுக்குள் இறங்கியதில்லை என்பதையும், அவருக்கு நீச்சல் தெரியாது என்பதையும் நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. "கடல் மேல போறதுக்கு இருக்கு, உள்ள போறதுக்கு இல்ல. உள்ள போனவனெல்லாம் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்" என்றார். உடன்படிக்கையை நினைவூட்டினேன். அவர் சொன்ன சொல் தவறாதவர், வந்தார். அந்த உடைக்குள் அவரைப் புகுத்துவதற்கு இருவர் தேவைப்பட்டோம். "இத்தனை வருஷமா மீனோட தோலை உரிச்சிருக்கேன். தோலுக்குள்ள மீனைத் திணிக்கிறத இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று முனகினார். ஜோப் சுவரைவிட்டு மணலுக்கே இறங்கி வந்து, "கடல்நாய்க்கெல்லாம் மீன்பிடி உரிமம் வேணும்டா, வச்சிருக்கியா?" என்று கேட்டார். நான் உன் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டேன். முழங்கால் வரை, தொடை வரை, இடுப்பு வரை. அவர் என் விரல்கள் வலிக்கப் பிடித்துக்கொண்டு வந்தார். பத்துப் பதினைந்து எட்டுகள் நடந்திருப்போம். அவர் தோள்கள் சற்றே தளர்ந்தன. அப்போது வரிசையை நடத்தும் ஒரேலி என்ற பெண், நல்ல பெண், கடலே இல்லாத உள்நாட்டிலிருந்து வந்தவள், இரு கைகளையும் உயர்த்தி உற்சாகமாக, "எல்லாரும் இப்ப முயல் மாதிரி குதிங்க!" என்று கூவிவிட்டாள்.

படகில் கால் வைத்த எவனும் அந்த விலங்கின் பெயரை நீர்மேல் உச்சரிக்க மாட்டான், உச்சரிக்கக் கேட்டால் படகு மூழ்கும் என்று அஞ்சி அன்று கடலுக்குப் போக மாட்டான் என்பது இக்கரையில் அனைவரும் அறிந்தது. நான் தரையில் அமர்ந்து எழுதுவதால் குற்றமில்லை. உன் தந்தையோ அப்போது நீரின்மேல்கூட இல்லை, நீருக்குள்ளேயே இருந்தார். வரிசையிலிருந்த லியோன் பெண்மணிகள் சிரித்துக்கொண்டே குதித்தார்கள். உன் தந்தை என் கையை விட்டுவிட்டு, திரும்பி, கரையை நோக்கி நடந்தார். எங்களைப் போலவே அன்றுதான் முதன்முறையாக இறங்கியிருந்த, ஊர்க்காரர்களான ஓய்வுபெற்ற மாலுமிகள் இருவரும் அவர் பின்னாலேயே ஏறினார்கள். அதுவரை எள்ளி நகையாடிக்கொண்டிருந்த ஜோப் தொப்பியைக் கழற்றி, "அவ அதைச் சொன்னாளா? தண்ணிக்குள்ள வச்சா?" என்று கேட்டு, உன் தந்தையின் தோளில் துண்டைப் போர்த்தினார். வீட்டுக்கு வந்ததும் உன் தந்தை, "முடிஞ்சுது சொவாசிக். எல்லாத்தையும் பாத்தாச்சு. அசெனோருக்கு எழுதிடு, வர்றோம்னு" என்றார். கோபத்தில் சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன், மகளே. மிக அமைதியாகச் சொன்னார்.

நான் எழுதவில்லை. மாலையில் கடற்கரைக் கொட்டகைக்குச் சென்று ஒரேலியைக் கண்டேன். நடந்ததை விளக்கினேன். அவள் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பின் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "ஐயோ அம்மா, எனக்கு யாருமே சொல்லலியே! இவ்ளோ நாளா நான் வாரத்துக்கு மூணு தடவ சொல்லிட்டிருக்கேனே" என்றாள். இதற்குமுன் ஊர் மனிதர்கள் வந்ததில்லை, அதனால் எவரும் சொல்லவில்லை என்றேன். இப்போதுதான் வந்தார்கள், என் கணவர் மீண்டும் வரவேண்டும், வராவிட்டால் நாங்கள் இந்த ஊரைவிட்டே போக நேரும் என்றேன். மறுநாள் அவளே எங்கள் வாசலுக்கு வந்தாள். உள்ளே அழைத்தும் வராமல் நின்றபடியே, "பெரியவரே, எங்க ஊர்ல ஆடு மாடுதான், கடல் கெடையாது. நாளைலேருந்து தவளை. தவளைக்கு ஒண்ணும் தோஷம் இல்லியே?" என்று கேட்டாள். உன் தந்தை நெடுநேரம் யோசித்து, தவளைக்குத் தோஷமில்லை என்று தீர்ப்பளித்தார். "அப்ப வந்து முன்னால நில்லுங்க. நான் வேற ஏதாவது ஏடாகூடமா சொன்னேன்னா அங்கேயே திட்டுங்க, எல்லாரும் இருக்கும்போதே திட்டுங்க" என்றாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி ஜில்லுன்னு இருக்கும்மா. நாப்பது வருஷம் அதும்மேல கெடந்தேன், அது இவ்ளோ ஜில்லுன்னு இருக்கும்னு ஒருத்தன் சொல்லல" என்றார். அவள் சிரிக்கவில்லை. "நடந்தா சூடாயிடும்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கடுத்த நாள் அவர் போனார். நான் எழுப்பவில்லை, அவராகவே எழுந்து உடையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அன்றிலிருந்து தவறாமல் போகிறார், வரிசையில் முதலாவதாக நடக்கிறார். லியோன் பெண்மணிகள் அவரை 'கேப்டன்' என்று அழைப்பதை மறுப்பதுபோல் பாவனை செய்கிறார். சென்ற வாரம் ஜோப் கூட உடையை மாட்டிக்கொண்டு இறங்கினார். "கடல்நாய் ரெண்டாச்சுடா" என்று உன் தந்தை கரையதிரக் கத்தியதை நான் வீட்டில் இருந்தே கேட்டேன். நடை முடிந்ததும் அனைவரும் கடைக்குச் சென்று கருங்கோதுமை மாவில் சுட்ட அடை தின்கிறார்கள். உப்பு வெண்ணெயை அளவோடு தடவச் சொல்லியிருக்கிறேன், அளவு எதுவென்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. செவ்வாய்க்கிழமை இதய மருத்துவர் பரிசோதித்துவிட்டு, எது செய்கிறீர்களோ அதை நிறுத்தாதீர்கள் என்றார். நம்பிக்கையில்லாவிட்டால் நீயே அவரைத் தொலைபேசியில் கேட்கலாம், உன் பெயரை அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ எழுதாமல் விட்டதையும் நான் படித்தேன், அசெனோர். நீ அருகில் இல்லாத வேளையில் அவருக்கு ஏதேனும் நேர்ந்துவிடும் என்பதே உன் அச்சம். நேராது என்று நான் வாக்களிக்க இயலாது. ஆனால் எண்ணிப் பார். கிரனோபிளில் நீயும் தெனியும் காலையில் வேலைக்குப் போனால் மாலைவரை அவருக்குத் துணை நான் ஒருத்தி, எதிரே ஒரு சுவர். இங்கே அவர் நீரில் ஓர் எட்டுத் தாமதித்தால் இருபது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். உன் அன்பை நாங்கள் மறுக்கவில்லை. உன் கீழ்த்தளத்தை மட்டும் மறுக்கிறோம். இதை நான் தனியாக முடிவு செய்யவில்லை. நேற்றிரவு உணவின்போது கேட்டேன். அவர் தலைநிமிராமலே, "அந்தக் கீழ் வீட்டை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு. வியாழக்கிழமை தண்ணில எனக்கு வேலை இருக்கு" என்றார். வேலை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து படகு விற்றபின் நான் கேட்கவே இல்லை.

ஆகஸ்டில் விடுமுறை எடுத்துக்கொண்டு இருவரும் வந்து சேருங்கள். உனக்கும் தெனிக்கும் ரப்பர் உடை சொல்லி வைக்கிறேன், அளவுகளை எழுது. தெனி மலையேறுபவர், குளிரைப் பற்றிப் பேசமாட்டார் என நம்புகிறேன். வரும் முன்னர் அவரிடம் அந்த விலங்கைப் பற்றி மறக்காமல் சொல்லிவிடு. இரவில் நெடுநேரம் கண்விழித்து வேலை பார்க்காதே, சூடான உணவை நேரத்துக்கு உண். இருவரும் நீண்ட ஆயுளோடும் குன்றாத நலத்தோடும் வாழ வேண்டும் என்று உன் தந்தையும் நானும் மனமார வாழ்த்துகிறோம்.

மாத இறுதிக்கு அதிக நாள் இல்லை. வீட்டுக்காரருக்கு இல்லையென்று சொல்லிவிட்டு, சொன்னதை எனக்கு ஒரு வரி எழுது. உடனே எழுது.

இங்ஙனம்,
உன் தாய்
சொவாசிக்