ஒரே ஒரு கட்டில்

மார்ச் 6

மறுபடியும் பனி. சாலையை மூடிவிட்டார்கள். இருபத்தாறு பேர் இருக்கவேண்டிய வகுப்பில் பதினொரு பேர். குளிர்காயும் விறகடுப்புப் பக்கம் எல்லோரையும் இழுத்து உட்காரவைத்துச் சமன்பாடு போட்டேன்.

மதியம் தலைமையாசிரியர் லஹ்பீப் கூப்பிட்டார். கடைசி வருஷப் பெண்களை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பும் வேலை இனி என் தலையில். படிவம், பாடப்பிரிவு, விடுதி விண்ணப்பம், அப்பாக்களிடம் பேசுவது, எல்லாம்தான்.

"ஏன் நான்?"

"மத்தவங்களுக்குக் குடும்பம் இருக்கு, நஜாத். உங்களுக்கு நேரம் இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முப்பத்தொன்பது வயது. சாஃபியில் கடலோரம் பிறந்துவிட்டு இந்த அட்லஸ் மலையில் பதின்மூன்று குளிர்காலம். நேரம் இருக்கிறது, வாஸ்தவம்தான்.

மார்ச் 19

ஒன்பது பெண்கள். உயர்நிலைப் பள்ளி இருப்பது ஐம்பது கிலோமீட்டர் கீழே, நகரத்தில். தினம் போய்வர முடியாது. விடுதியில் கட்டில் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் ஆடு. இதில் நான் என்ன வழிகாட்ட?

இருந்தாலும் விருப்பப் படிவத்தை விரித்து ஒவ்வொருத்தியாக உட்காரவைத்தேன். தூதா பேனாவைப் பிடுங்காத குறை. "அறிவியல், டீச்சர். அப்புறம் நர்சு. அப்புறம் வெள்ளைக் கார்." இத்தோ பென்சிலில் 'அறிவியல்' என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள்.

"ஏன் பென்சில்ல எழுதற?"

"அப்பா இன்னும் ஒழுங்கா சரின்னு சொல்லல."

கணக்கில் இத்தோவைப் போல ஒருத்தியை இந்தப் பதின்மூன்று வருஷத்தில் நான் பார்த்ததில்லை. அவளும் தூதாவும் ஒரே ஊர். ஒன்றரை மணி நேரம் சேர்ந்தே நடந்து வருவார்கள். மூன்று வருஷமாக ஒரே பெஞ்சு. தூதா பேசுவாள், இத்தோ கணக்குப் போடுவாள். ஒருத்தி வாய், ஒருத்தி மூளை என்று மற்ற ஆசிரியர்கள் கேலி செய்வார்கள்.

ஏப்ரல் 12

ஒன்பது பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் நகரத்துப் பள்ளியையும் விடுதியையும் காட்டினேன். பாதிப் பேருக்கு வழியில் வாந்தி.

விடுதிக் காப்பாளர் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினார். விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பார்கள் என்று தூதா கேட்டாள். இத்தோ கேட்டது ஒன்றே ஒன்று. "கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா?" உள்ளே போய்த் தாழ் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். மூன்று தடவை, வெளியே நின்று எண்ணினேன்.

"இந்த மலைப் பொண்ணுங்களுக்குக் கதவே அதிசயம்," என்றார் காப்பாளர், அவள் காதில் விழும்படி.

திரும்பும்போது இரண்டு பேரும் பின் இருக்கையில் அடுக்குக் கட்டிலுக்குச் சண்டை. மேல் கட்டில் யாருக்கு, கீழ் கட்டில் யாருக்கு என்று.

மே 8

விடுதியிலிருந்து கடிதம். இந்த வருஷம் நம் பள்ளிக்கு ஐந்து கட்டில்.

ஒன்பதில் மூன்று பேரை அப்பாக்கள் ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள். மீதி ஆறு. நான்கு பேர் தூரத்து ஊர்க்காரிகள், விதிப்படி முதலில் அவர்களுக்குத்தான். ஒரு கட்டில் மிச்சம். தூதா, இத்தோ.

மே 10

மதிப்பெண் பார்த்தால் இத்தோ. இருபதுக்குப் பதினாறு. தூதா பன்னிரண்டு. எழுதவேண்டிய பெயர் எது என்று எனக்குத் தெரியும். காலையில் பேனாவைக்கூட எடுத்தேன்.

ஏன் எழுதவில்லை? தூதாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான். வேறு காரணம் எதுவும் இல்லை, இங்கேயாவது பொய் சொல்ல வேண்டாம்.

இரண்டு பேரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "உங்க வாழ்க்கை. நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. ஒரு வாரம் டைம்." அவர்களைப் பெரியவர்களாக மதிக்கிறேன் என்று எனக்குள் பெருமை வேறு.

இத்தோ தரையைப் பார்த்தாள். தூதாதான் கேட்டாள். "ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டா, டீச்சர்? நாங்க ஒல்லிதானே?"

சட்டத்தில் இடமில்லை என்றேன்.

மே 14

இன்று வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

மே 17

தூதா தனியாக வந்தாள்.

"இத்தோ வரல, டீச்சர். அவங்கப்பா வேணாம்னுட்டாரு."

"ஏன்?"

"தெரியல." பார்வை சுவரில் இருந்தது.

பெயரை எழுதினேன். எழுதும்போது நிம்மதியாக இருந்தது. முடிவு என் கையை விட்டுப் போன நிம்மதி. அதற்குப் பிறகு இரண்டு குவளை டீ குடித்தேன்.

மே 21

இத்தோ நான்கு நாளாக வரவில்லை. தேர்வுக்கு மூன்று வாரம்தான். தூதாவைக் கேட்டால் காய்ச்சல் என்கிறாள்.

மே 22

வாரச் சந்தை. கழுதைகள் கட்டியிருக்கும் பக்கம் இத்தோவின் அப்பா மோஹாவைப் பார்த்தேன். நான் சலாம் சொன்னதற்குப் பதில் இல்லை.

"பள்ளிக்கூடம் காட்டறேன்னு கூட்டிட்டுப் போய் என்ன காட்டினீங்க, டீச்சரம்மா?"

"என்ன சொல்றீங்க?"

"டவுன்ல எவனோ ஒரு பையன் கூடப் பின்பக்கம் போய் நின்னாளாமே. கால் மணி நேரம். அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

கழிப்பறையில் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்துகொண்டிருந்தாள், நான் வெளியேதான் நின்றேன். சொன்னேன். கத்தியே சொன்னேன். பக்கத்தில் முட்டை விற்றவன் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க ஒம்பது பேரப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. சொன்னவ இவ ஒருத்தியத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. குர்ஆன் மேல கை வெச்சு சத்தியம் பண்ணிட்டா."

"யாரு?"

"அவகூடவே திரியுமே, பாஸ்ஸு மக. தூதா."

இத்தோவை அடித்தீர்களா என்று கேட்டேன்.

"அடிச்சேன். கையில அடிக்கல. கை வேலைக்கு வேணும்." கழுதையின் கயிற்றை அவிழ்த்தார். "உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"இல்ல."

"அப்ப பேசாதீங்க."

மே 23

தூதாவை ஆய்வகத்துக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். முதலில் இல்லவே இல்லை என்றாள். பிறகு அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

"நீங்கதானே எங்களையே முடிவு பண்ணச் சொன்னீங்க? அவ விட்டுத்தர மாட்டேன்னுட்டா. அவளுக்கு மார்க்கு இருக்கு. எங்கிட்ட என்ன இருக்கு?"

"அடிப்பாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்." மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு அடிப்பாருன்னு தெரியாது."

பதினைந்து வயது. அறையலாம் என்று கை எழுந்தது. யாரை அறைவது?

மே 24

லஹ்பீபிடம் பெயரை மாற்றவேண்டும் என்றேன். காரணத்தையும் சொன்னேன். பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார்.

"மாத்தலாம். முப்பத்தொண்ணாந்தேதி வரைக்கும் டைம் இருக்கு. மாத்தினா மோஹா மகளை அனுப்பிடுவானா?"

"மாட்டாரு."

"அப்ப ஒரு கட்டில் காலி. காலியா விட்டா அடுத்த வருஷம் நாலுதான் குடுப்பாங்க. ஒருத்தி போயாச்சு, இன்னொருத்தியையும் ஏன் தள்ளணும்? உங்க கோபத்துக்கா?"

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

மே 28

அவர்கள் ஊருக்கு நடந்தே போனேன். மோஹா வீட்டில் இல்லை. இத்தோவின் அம்மா டீயும் ரொட்டியும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இத்தோ வாசலில் கம்பளி சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். இடது கண்ணைச் சுற்றி மஞ்சள்.

தேர்வையாவது எழுது என்றேன். சான்றிதழ் கையில் இருந்தால் எப்போதாவது உதவும், நானே வந்து கூட்டிப் போகிறேன், அப்பாவிடம் பேசுகிறேன், என்னென்னவோ.

"கட்டிலை அவளுக்குக் குடுத்துட்டீங்களா?"

"ஆமா."

கம்பளியில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிப் போட்டாள்.

"மொத நாளே நீங்க என் பேரை எழுதியிருந்தீங்கன்னா அவ அழுதிருப்பா. ரெண்டு நாள். எங்கப்பாகிட்டப் போயிருக்க மாட்டா."

கோபமாகச் சொல்லவில்லை. கரும்பலகையில் விடை சொல்கிற அதே குரல்.

மே 31

மாற்றவில்லை.

ஜூலை 2

தூதா தேறிவிட்டாள். அறிவியல் பிரிவே கிடைத்தது. இத்தோ தேர்வு எழுத வரவில்லை.

மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம். கிடைத்த ஐந்து இடத்தையும் நிரப்பிய ஒரே மலைப் பள்ளி நாங்கள்தானாம். ஆசிரியர் அறையில் லஹ்பீப் உரக்கப் படித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேனா? தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 9

நான்கு பெண்கள் வேனில் ஏறிப் போனார்கள். கடைசியாக ஏறிய தூதா எனக்குக் கை காட்டினாள். நான் பையைத் துழாவுவது போல் குனிந்துகொண்டேன். ஐந்தாமவள் வரவே இல்லை, கல்யாணமாம். எனவே அங்கே ஒரு கட்டில் காலி. ஒன்றரை மாதம் காலியாகவே கிடந்து, பிறகு வேறு பள்ளிக்குப் போகுமாம்.

ஒரு கட்டில் காலி.

செப்டம்பர் 11, மறு வருஷம்

முதல் வருஷச் சேர்க்கை. வரிசையில் இத்தோ. திருமணமானவர்கள் கட்டும் விதத்தில் தலைத்துணி. உயரமாகிவிட்டாள். பக்கத்தில் தங்கை இஸ்ஸா, பன்னிரண்டு வயது, புதுப் பை.

பெயர், பிறந்த தேதி எல்லாம் இத்தோவே சொன்னாள். சொல்லிவிட்டு, "விடுதி லிஸ்டுல இப்பவே பேர் எழுதிடுங்க," என்றாள்.

"அதுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கே."

"பென்சில்ல வேணாம்."

அப்பா சம்மதிப்பாரா என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டுட்டாரு. கல்யாணத்துக்கு நான் சரின்னு சொன்னப்ப பதிலுக்கு இதைத்தான் கேட்டேன்."

நோட்டில் பேனாவால் எழுதினேன். அவள் குனிந்து எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தாள். பிறகு தங்கையின் தோளைப் பிடித்து என் பக்கம் தள்ளினாள்.

"இவளைத் தனி பெஞ்சுல உக்கார வைங்க, டீச்சர். பக்கத்துல யாரையும் உக்கார விடாதீங்க."

உட்கார வைத்தேன்.