மறுக்கிறேன் என்ற பொத்தான்

அன்புள்ள வாலுக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நான் முழுசாக, நலமாக இருக்கிறேன், காலையில் இரண்டு பேருக்கு முடிகூட வெட்டிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? கடைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று மூடியிருந்த நேரம் பார்த்து என் போன் வீட்டில் தலைக்குக் கலந்த சாயக் கிண்ணத்துக்குள் விழுந்துவிட்டது. ரிப்பேர்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போனுக்கும் நரைச்சிடுச்சாம்மா என்று கேட்கிறார். வாய்க்கொழுப்பு.

மற்றபடி பார்லர் நன்றாக ஓடுகிறது. அப்பாயின்ட்மென்ட் கணக்கின் பாஸ்வேர்டை நான் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவைக்கப்போய், முடி வெட்டிக்கொண்டே அதைப் படித்த பல் டாக்டரம்மா சனிக்கிழமை காலை முழுவதையும் தன் பேரில் போட்டுக்கொண்டாரே, எல்லா பாஸ்வேர்டையும் பூட்டிவைக்கும் அந்த பாஸ்வேர்ட் மேனேஜரை நீ வைத்துக்கொடுத்த பிறகு அந்தக் கூத்தெல்லாம் இல்லை. கடையில் வேலை செய்யும் அக்கா தங்கை இருவருக்கும் அந்த ஒரு கணக்கை மட்டும் பகிர்ந்திருக்கிறேன், பேங்க்கும் மெயிலும் எனக்கு மட்டும்தான். யாராவது வேலையை விட்டுப் போனால் பேரை எடுத்துவிட்டு பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும் என்று நீ சொன்னது மண்டையில் இருக்கிறது. எல்லாவற்றையும் திறக்கிற அந்தப் பெரிய பாஸ்வேர்டும் மண்டையில்தான், கண்ணாடியில் இல்லை, நம்பு.

இன்று கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால் அந்த பாஸ்வேர்ட் மேனேஜரிலிருந்து ஒரு செய்தி. உங்கள் மகள் அவசரத் திறப்பு கேட்டிருக்கிறார், நாளைக்குள் நீங்கள் மறுக்காவிட்டால் உங்கள் பாஸ்வேர்டுகள் எல்லாம் அவருக்குத் திறந்துவிடும் என்று. அடிப்பாவி, நான் இருக்கும்போதே சாவி கேட்கிறாளே என்று முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அப்பா போனபோது பூட்டிக்கிடந்த அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு நீயும் நானும் தோன்றியதையெல்லாம் அடித்துப் பார்த்தோம், அவர் எடுத்த படங்கள் அதோடு போயின. அதற்காகத்தானே இந்த ஏற்பாட்டையே செய்தாய். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இதை அழுத்தும்போது உனக்கு எப்படி இருந்திருக்கும். என் கண்ணு, மன்னித்துக்கொள்.

இனி சாயம் கலக்கும் இடத்தில் போனை வைக்க மாட்டேன். நான் எடுக்காவிட்டால் கடை அக்காவைக் கூப்பிடு, நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு.

மறுக்கிறேன் என்ற பொத்தானை இப்போதுதான் அழுத்தினேன். சின்ன வயதில் நான் முடியாது என்றால் தரையில் புரண்டு அழுவாய். இந்த ஒரு முடியாதுக்கு நீ சந்தோஷப்படுவாய் என்று தெரியும்.

இப்படிக்கு,
சாவியை இன்னும் தானே வைத்திருக்கும்
உன் அம்மா