மைனஸ் பன்னிரண்டு வயது

ஜனவரி 22, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் தகுதித் தேர்வு. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். பழைய ஆசிரியர்களும் இப்போது இதில் தேறாவிட்டால் வேலை போய்விடும்.

காலையில் கணக்கு வாத்தியார் செல்வத்திடம் ஒரு வயதுக் கணக்கைக் கேட்டேன். "இது எட்டாங்கிளாஸ் கணக்கு சார். வந்து என் கிளாஸ்ல பின்பெஞ்சுல உக்காருங்க" என்றான், ஆசிரியர் அறை முழுக்கக் கேட்கும்படி. அவனுடைய பதவி உயர்வு விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்தவன் நான். இனி அவனிடம் எதையும் கேட்பதாக இல்லை.

மாலையில் நானே போட்டேன். அப்பாவின் வயது மகளின் வயதைப் போல் மூன்று மடங்கு, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இரண்டு மடங்கு. மகளின் வயது என்ன? மூன்று முறை போட்டும் மைனஸ் பன்னிரண்டு என்றே வந்தது.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் நோட்டை எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, அப்பாவுக்கு மட்டும் பன்னெண்டு வருசம் கூட்டிருக்கீங்க. அந்தப் பொண்ணு அப்படியே நிக்கிறாளாக்கும்?" அவளுக்கும் கூட்டிப் போட்டதும் பன்னிரண்டு என்று வந்தது.

நான் ஓய்வுபெறவும் பன்னிரண்டு ஆண்டுகள்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தவறினால் அவை எனக்கு இல்லை. என் மகளுக்கு உண்டு. கல்லூரிச் செலவு உண்டு, அதற்கு மேலும் உண்டு. விளக்கை அணைக்கப் பயமாக இருக்கிறது. இன்னும் ஒரு வயதுக் கணக்குப் போடுகிறேன்.