முதல் வருசம்

கொழிஞ்சாம்பாறை
22.1.1975

அன்புள்ள தம்பி சின்னையனுக்கு,

உன் மச்சானும் நானும் சௌக்கியம். நிலக்கடலை பிடுங்கி முடிந்தது. நீ மாட்டுப்பட்டி போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வரி போட்டிருக்கலாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்துவிட்டது.

பொங்கலுக்கு வந்தவன் வீட்டுக்குள்ளேயும் காலுறையைக் கழற்றவில்லை. மலைக்குளிர் பழகிவிட்டது என்றாய், நானும் நம்பினேன். கிளம்புகிற அன்று வாய்க்காலில் நீ கால் கழுவும்போது பார்த்துவிட்டேன். இடது காலில் இரண்டாம் விரல் அடி முதல் நுனி வரை கதலிப்பழம் போல வீங்கி இருந்தது. கை நகங்களிலெல்லாம் குண்டூசியால் குத்தினது போலக் குழி. அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் வைத்ததை மறந்து தோட்டத்துக்குப் போகிறேன், தோட்டத்துக்குப் போனது எதற்கு என்று தெரியாமல் திரும்பி வருகிறேன்.

எனக்கும் இப்படி ஒரே ஒரு கால் விரலில்தான் தொடங்கியது. கல்லில் இடித்திருக்கும் என்றார்கள். பிறகு வாதம் என்று எண்ணெய் போட்டார்கள். முழங்கையில் செதில் செதிலாகப் படை வந்ததும் பெருவியாதி, குஷ்டம் என்று பேச்சுக் கிளம்பியது உனக்கே தெரியும். தோலும் மூட்டும் ஒரே நோய் என்று சொன்னது போன வருசம் கோயமுத்தூரில் பார்த்த டாக்டரம்மாதான். வளைந்துபோன என் கைவிரல்களின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எலும்பு அரிச்சுப் போச்சும்மா. வலியைக் குறைக்கலாம். வளைஞ்சதை நிமித்த முடியாது. முதல் வருசமே வந்திருந்தா கதையே வேற" என்றார்.

உனக்கு இது முதல் வருசம், தம்பி. லீவு போட்டு இறங்கி வா. நான் கூட வருகிறேன்.

அக்கா,
பொன்னாத்தாள்


மாட்டுப்பட்டி
9.2.1975

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். நாளெல்லாம் லாரியில் கிளட்ச் மிதிக்கிற கால், வீங்காமல் என்ன செய்யும்? அதுவும் இப்போது இல்லை. கீழே டவுனில் ஒருவர் ஊசி போடுகிறார். போட்ட மறுநாளே வீக்கம் வற்றிவிட்டது. முழங்கையில் கொஞ்சம் இருந்த படையும் மறைந்தது. தேயிலை மூட்டைகளை நானே தூக்கி ஏற்றுகிறேன். கூட லாரி ஓட்டுகிற சுருளிவேல் அண்ணன் பார்த்து வாயைப் பிளக்கிறார்.

நல்ல சேதி ஒன்று. குருசாமி மாமா பொள்ளாச்சியில் பெண் பார்த்து முடித்துவிட்டார். பேர் வள்ளியாத்தாள். எட்டாவது வரை படித்தவள். மாசி கடைசியில் நிச்சயம், ஆவணியில் கல்யாணம்.

அக்கா, பொள்ளாச்சி வரைக்கும் பஸ்ஸில் வருவது உனக்குக் கஷ்டம். கூட்டத்தில் கையை யாராவது இடித்துவிடுவார்கள். நிச்சயத்துக்கு மச்சான் மட்டும் வந்தால் போதும். கல்யாணத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம். நீ தப்பாக நினைக்கமாட்டாய் என்று தெரியும்.

உன் தம்பி,
சின்னையன்


கொழிஞ்சாம்பாறை
15.2.1975

அன்புள்ள தம்பிக்கு,

கல்யாணச் சேதி கேட்டு மனசு நிறைந்தது. உன் மச்சான் சந்தையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

பொள்ளாச்சி இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். பருத்திக்கொட்டை வாங்கப் போன வெள்ளிக்கிழமைகூடப் போய்வந்தேன். இருக்கட்டும். நிச்சயத்துக்கு நான் வரவில்லை.

ஊசியைப் பற்றித்தான் எழுதவேண்டும். அப்படி ஓர் ஊசியை நானும் போட்டிருக்கிறேன். போடுகிற வரைக்கும் சுகம். நிறுத்தினால் உள்ளே அமுங்கிக் கிடந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பும் என்று டாக்டரம்மா என்னைத் திட்டினார். உனக்கு அது வேண்டாம். அவர் இப்போது எனக்கு ஒரு மஞ்சள் மாத்திரை கொடுக்கிறார். வாரத்தில் ஒரு நாள் மட்டும். மாதா மாதம் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். புற்றுநோய்க்காரர்களுக்குக் கொடுக்கிற மாத்திரை என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டு உன் மச்சான் பயந்துபோய் ஒளித்து வைத்தார். நான் தேடி எடுத்து விழுங்கினேன். காலையில் எழுந்தால் மத்தியானம் வரைக்கும் கை மடங்காமல் கிடக்கும். இப்போது பல் விளக்குவதற்குள் இளகிவிடுகிறது. விரல் மட்டும் வளைந்தது வளைந்தபடிதான்.

அந்தப் பெண்ணிடம் உன் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடு.

அக்கா,
பொன்னாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
20.4.1975

அன்புள்ள தம்பிக்கு,

நிச்சயம் நன்றாக நடந்தது என்று உன் மச்சான் வந்து சொன்னார். நீயும் எழுதியிருக்கலாம்.

நேற்று வாசலில் ஒரு பெண் வந்து நின்றது. சுங்குடிச் சேலை, கையில் ஒரு சீப்புப் பழம். "ஏனுங்க நங்கையா, நிச்சயத்துக்கு வராதவங்களைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க" என்றது, நாத்தனார் முறை வைத்து. வள்ளியாத்தாள்தான். ஒருத்தரையும் துணைக்குக் கூட்டாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு எத்தனை நேரம்தான் பேசுவது? காப்பி கொடுக்கும்போது பார்த்துவிட்டாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ரொம்ப நோவுங்களா?" என்றாள். இது ஒட்டுகிற நோய் இல்லை என்று சொன்னேன். "அதை நான் கேக்கலீங்களே" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "குடும்பத்துல வேற ஆருக்காச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

உன் சங்கதியை நான் சொல்லக்கூடாது. இல்லை என்று பொய்யும் சொல்ல வரவில்லை. "அதை அவனையே கேட்டுக்க கண்ணு" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு வேறு பேச்சுப் பேசினாள்.

கேட்டால் மறைக்காதே.

அக்கா,
பொன்னாத்தாள்


மாட்டுப்பட்டி
4.5.1975

அக்காவுக்கு,

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அவள் எழுதிக் கேட்டாள். எனக்கு ஒன்றும் இல்லை என்று பதில் போட்டேன். எனக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லை. உன் நோயை என் தலையில் கட்டாதே. கல்யாணம் முடியும் வரை எனக்கு எழுதவேண்டாம்.

சின்னையன்


கொழிஞ்சாம்பாறை
16.7.1975

அன்புள்ள தம்பிக்கு,

எழுதவேண்டாம் என்றாய். எழுதுகிறேன். மலையில் மழை கொட்டுகிறது, ரோடு சரிந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருப்பதாக உன் மச்சான் சொன்னார். டவுனுக்கு இறங்க வழியில்லாவிட்டால் ஊசிக்கு என்ன செய்கிறாய்? ராவும் பகலும் இதே நினைப்பு. கடலைக்காய் உரிக்க உட்கார்ந்தால் தோலை முறத்தில் போட்டுப் பருப்பை வெளியே எறிகிறேன்.

கோபம் இருந்தால் இருக்கட்டும். ஒரு கார்டு போடு.

அக்கா


கோயமுத்தூர்
3.9.1975

அன்பு அக்காவுக்கு,

இதை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். பயப்படாதே. இப்போது தேவலை.

மழையில் ரோடு அடைபட்டு மூன்று வாரம் ஊசி கிடைக்கவில்லை. முதலில் முட்டி வீங்கியது, பிறகு மணிக்கட்டு. ஸ்டியரிங்கைத் திருப்ப முடியவில்லை. அப்புறம் உடம்பு முழுக்கச் சிவந்து, தோல் உரிந்து உரிந்து விழுந்தது. படுக்கையைக் கூட்டி அள்ளும்படி ஆயிற்று. குளிர்ஜுரம் வேறு. எஸ்டேட் லயத்தில் பக்கத்து வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சுருளிவேல் அண்ணன்தான் ரோடு திறந்ததும் கம்பளியில் சுற்றி லாரியில் போட்டு இங்கே கொண்டுவந்தார்.

டாக்டரம்மா முதலில் கேட்டது, "குடும்பத்துல யாருக்காவது இருக்கா?" என்றுதான். எங்கக்காவுக்கு இருக்கிறது என்றேன். பேரைக் கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்தம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு தம்பியைப் பத்தியே பேசுமே, அது நீதானா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் இன்னும் அரிப்பு ஏறவில்லையாம். விட்டிருந்தால் அடுத்த வருசம் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார். ஜுரம் விட்டதும் மஞ்சள் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். சாராயம் கூடாது. மாத்திரை தின்கிற வரைக்கும் குழந்தை பெறவும் கூடாது. ஒரு வருசமோ இரண்டு வருசமோ, இப்போது சொல்ல முடியாதாம்.

வள்ளியாத்தாளும் அவள் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கடிதத்தில் பொய் எழுதினதையும் சேர்த்து. அவர், "யோசிச்சுச் சொல்லி அனுப்பறமுங்க" என்று எழுந்துவிட்டார். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றாள். "நோவைச் சொல்லியிருந்தா இருந்திருப்பேன். பொய்யைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலீங்க" என்றாள். போய்விட்டார்கள்.

அக்கா, நீ வா. வார்டில் எல்லாரிடமும் எங்கக்கா வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
சின்னையன்


கொழிஞ்சாம்பாறை
11.2.1976

அன்புள்ள தம்பிக்கு,

நீ மறுபடியும் லாரி ஓட்டுகிறாய் என்று படித்ததும் உன் மச்சான் கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி இரண்டாம் தடவை படித்தார். விரல் நல்ல விரலாகிவிட்டது என்று மாத்திரையை விட்டுவிடாதே. ரத்தம் கொடுக்க மாதா மாதம் கட்டாயம் இறங்கி வா. வருகிற நாளை முன்கூட்டி எழுது, நானும் அன்றைக்கே என் ரத்தத்தைக் கொடுத்துக்கொள்கிறேன். போன தடவை போல இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்.

என் கையைக் கேட்டிருந்தாய். வலி பாதிக்குமேல் இல்லை. படை மங்கிவிட்டது. ரவிக்கைக் கொக்கியை இன்னமும் உன் மச்சான்தான் போட்டுவிடுகிறார். டாக்டரம்மா உன் எக்ஸ்ரேயையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டினார். உன்னுடையதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நேராக இருக்கிறது.

இதை எழுதலாமா கூடாதா என்று நாலு நாளாகத் தவித்தேன். மறைப்பதில்லை என்று இருக்கிறோமே, எழுதிவிடுகிறேன். வள்ளியாத்தாளுக்கு உடுமலையில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். பங்குனியில் கல்யாணம். பத்திரிகை கொடுக்க அவளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். உன்னைப் பற்றிக் கேட்டாள். வண்டி ஓட்டுகிறான் என்றேன். "ஓட்டறாங்களா" என்று சொல்லி, பத்திரிகையை எடுத்து நீட்டினாள். போகும்போது என் கையைப் பிடித்து, "நங்கையா, நீங்க கட்டாயம் வரோணும், முன்னாடியே உக்காரோணும்" என்றாள்.

நான் போகிறேன், தம்பி. நீ வருத்தப்படுவாய், தெரியும். ஆனாலும் போகிறேன். பட்டுச்சேலை கட்டி, முன்வரிசையில் உட்கார்ந்து, இந்தக் கையாலேயே அவளுக்கு அட்சதை போட்டுவிட்டு வருகிறேன்.

உன் அக்கா,
பொன்னாத்தாள்